ஆரஞ்சு நீலமாகும் இடம்

எனக்கு எழுத வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் செக்கிங் மேசையில் துணியோடு வைக்கிற சீட்டில் ‘ஓட்டை’, ‘எண்ணெய்க் கறை’, ‘தையல் விலகல்’ என்று இரண்டு இரண்டு வார்த்தைகள்தான். வரி கோணலாகப் போகும். சொன்னதையே திரும்பச் சொல்வேன். சில இடத்தில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று மறந்துவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து இந்த வெட்கத்தை எல்லோரும் நல்ல குணம் என்றே சொல்லி வளர்த்துவிட்டார்கள். நல்ல குணம்தானா என்று இதைப் படிக்கிறவர்கள் சொல்லட்டும்.

முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு சட்டையின் முன்பாகம். தைக்காத, வெட்டி மட்டும் வைத்த துண்டு. குழந்தைகள் விளையாட்டுக்குப் போடுகிற பாலியெஸ்டர் சட்டைக்கானது. கீழே ஆரஞ்சு நிறத்தில் அரைவட்டமாகச் சூரியன் கிளம்பும். அதிலிருந்து வண்ணம் வளைவு வளைவாக விரிந்து, கழுத்துக்குப் போகும்போது நீலமாகிவிட வேண்டும். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அப்படிக் கேட்டிருந்தது. என் மேசைக்கு வந்த முதல் கட்டில் இருந்த எல்லாத் துண்டிலும் நடு மார்பில் ஒரு கை அகலத்துக்கு அழுக்கு. சாம்பல் என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது, பாத்திரம் கழுவிய தண்ணீர் பட்டுக் காய்ந்த மாதிரி ஒரு நிறம். நான் கறை என்றே நினைத்தேன். எங்கள் ஊரில் செக்கிங் பார்க்கிற எவளும் அப்படித்தான் நினைப்பாள். கறை என்றால் கன் அடிக்க வேண்டும். துப்பாக்கி போல ஒரு கருவி, அதில் கெமிக்கலைப் பீய்ச்சினால் எண்ணெயும் மையும் கரைந்து போய்விடும். அரை நாள் நின்று முப்பது துண்டுக்குக் கன் அடித்தேன். துணி நனைந்தது, காய்ந்தது. அழுக்கு அசையவில்லை.

எங்கள் கம்பெனி அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. பேப்பரில் மெஷின் வண்ணத்தை அடிக்கும். அந்தப் பேப்பரைத் துணியோடு சேர்த்துச் சூடான ரோலரில் விட்டால் வண்ணம் துணிக்கு ஏறிவிடும். இதெல்லாம் கீழே. மாடியில் ஏசி அறையில் டிசைன் வேலை. சேர்ந்து நாலு வருஷமாகியும் நான் அந்தப் படி ஏறியதில்லை. அன்றைக்கு ஈரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றேன். உள்ளே டிசைன் போடுகிற பெண் பார்த்துவிட்டு, அவளே எழுந்து வந்து திறந்துவிட்டாள். டிசைனரம்மா என்று கம்பெனியில் எல்லோரும் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். கணியூர்ப் பக்கத்துப் பெண். வாரம் முழுக்க இங்கே ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்வருவாள். நான் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிட்டேன்.

கறை போகவில்லை என்று மட்டும் சொன்னேன். அறையில் மேனேஜரும் இருந்தார். விஷயம் புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “கம்ப்யூட்டர் போட்ட கலருக்கே கன் அடிச்சிருக்குது பாருங்க இந்தம்மா. உட்டா டிவியக்கூடத் தொவைச்சுப் போடும்” என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு ‘கன்னம்மா’ என்று பேர். கட்டிங் மாஸ்டர் முதல் கூட்டுகிற பெண் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். மறுபடியும் துண்டைப் பார்த்தாள்.

“இது கறை இல்லீங்கம்மா. நான் அனுப்புன பைல்லயே இருக்குது. ஸ்கிரீன்ல எனக்குத் தெரியலை, துணியில உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது” என்றாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். ஏசி அறையில், மேனேஜர் எதிரில், ஒரு செக்கிங் பொம்பளையை.

அன்று அவள் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு வண்ணம் இன்னொரு வண்ணமாக மெல்ல மாறுவதற்குப் பேர் கிரேடியன்ட். அவள் படம் வரைகிற மென்பொருளில் எல்லாமே கோடும் வளைவுமாகக் கணக்கில்தான் இருக்கும். சட்டையளவு இருந்தாலும் சுவரளவு பெரிதாக்கினாலும் கோடு கலையாது. ஆனால் கிரேடியன்ட்டில் நாம் சொல்வது இரண்டு முனை வண்ணத்தைத்தான். நடுவில் இருப்பதை அந்த மென்பொருள் தானாகக் கணக்குப் போட்டு நிரப்பும். ஆரஞ்சும் நீலமும் ஒன்றுக்கொன்று எதிரான வண்ணம். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் கணக்குப்படி வருவது சாம்பல். கணக்கு தப்பில்லை, கண்ணுக்குத்தான் தப்பு. “ரெண்டு கடைசியும் நாம சொல்றோமுங்க. நடுவுல அது என்ன பண்ணி வெச்சிருக்குதுன்னும் நாமதான் பாக்கோணும்” என்பாள். இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். இன்னும் அவள் குரலிலேயே கேட்கிறது.

மறுநாளே அவள் நடுவில் வேறு வண்ணங்களை வைக்க ஆரம்பித்தாள். ஆரஞ்சை நேராக நீலத்துக்கு அனுப்பாமல், முதலில் வெளுத்த மஞ்சள், பிறகு ரோஜாப்பூவின் உள்ளிதழ் மாதிரி ஒன்று, பிறகு லேசான ஊதா, அதற்கப்புறம் நீலம். திரையில் ஒரு பட்டையும், பட்டைக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழ்களும் இருக்கும். ஒரு குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினால் வானமே மாறும். ஆனால் திரையில் சரியாக இருப்பது துணியில் சரியாக வருவதில்லை. சூட்டில் ஊதா கொஞ்சம் தூக்கும், மஞ்சள் அமுங்கும். அதனால் ஒரு சாண் அகலத்துக்கு நீளத் துண்டாக அடித்து, நம்பர் போட்டு, என் மேசைக்கு அனுப்புவாள். எங்கே கண் தடுக்குகிறது என்று நான் சொல்ல வேண்டும்.

சொல்லத்தான் எனக்கு வராதே. அதனால் செய்து காட்டினேன். துண்டை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது பழகிப்போகும். நான் அதைச் சேலைக்குக் கொசுவம் பிடிப்பது மாதிரி இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து மடித்து அடுக்கினேன். அப்படி மடித்தால் நடுவில் இருப்பது உள்ளே மறைந்து, தள்ளித் தள்ளி இருக்கிற வண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். மடிப்புக்கு மடிப்பு ஒரே அளவாக மாறினால் நல்ல துண்டு. ஒரு மடிப்பில் மட்டும் தூக்கிப்போட்ட மாதிரி தெரிந்தால் அங்கே கோளாறு. அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தி அனுப்புவேன். பனியன் துணியில் சாய வித்தியாசம் பார்க்க நாங்கள் இப்படிச் செய்வது உண்டு. அவள் முதல் தடவை ஊசி குத்திய துண்டைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்துவிட்டாள். இன்னொரு தடவை மடித்துக் காட்டச் சொன்னாள். அப்புறம் அவளே மடித்துப் பார்த்தாள். ஊசி இருந்த இடத்தை அளந்து, திரையில் அதே இடத்தில் ஒரு குமிழ் வைத்தாள். அடுத்த துண்டில் அந்தத் தூக்கல் இல்லை.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. ஐந்தாவது படித்த கிழவி ஊசி குத்துகிற இடத்தில் எல்லாம் பைலை மாற்றிக்கொண்டிருந்தால் கம்பெனி நடந்த மாதிரிதான் என்று என் காதுபடவே சொன்னார். அவள் அடுத்த துண்டை அடிக்கக் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து, டிபன் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, துண்டுகளை விரித்துப் போட்டு நின்றுகொண்டே சாப்பிடுவாள். “அம்மா, இந்தப் பத்தாம் நம்பர்ல உங்களுக்கு எங்கீங்க இடிக்குது?” என்று கேட்பாள். அந்தக் கேள்வியை என்னிடம் அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. நாற்பது வருஷம் கம்பெனி கம்பெனியாகச் செக்கிங் பார்த்திருக்கிறேன். தப்பைக் காட்டினால் திட்டுவார்கள், காட்டாவிட்டாலும் திட்டுவார்கள். என் கண்ணை ஒரு ஆள் நம்பி, அதன்படி ஒரு வேலையைத் திருத்தியது அந்த ஒரு தடவைதான்.

அழுக்கு போனதும் வேறொரு வியாதி வந்தது. நீலப் பகுதியில், குளத்தில் கல் போட்டால் அலை நிற்கிற மாதிரி, வளைவு வளைவாகப் படிகள் தெரிந்தன. இரண்டு நெருக்கமான நீலத்துக்கு நடுவில் கம்ப்யூட்டரிடம் இருக்கிற வண்ணம் கொஞ்சம்தானாம். அந்தக் கொஞ்சத்தைப் பெரிய இடத்தில் பரப்பினால் ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிந்துவிடும். அதற்கு அவள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியைப் படத்துக்குள் தூவினாள். துணியில் தூவுகிற பொடி இல்லை, கம்ப்யூட்டரிலேயே தூவுவது. அதிகமானால் மணல் ஒட்டிய மாதிரி இருக்கும், குறைந்தால் படி தெரியும். அந்த அளவைக் கண்டுபிடிக்க மூன்று துண்டு ஆனது. பதினாறாம் நம்பர் துண்டை நான் மடித்தேன், பிரித்தேன், ஷட்டர் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். எங்கேயும் ஊசி குத்த இடமில்லை. அவளிடம் ஊசியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

அந்தப் பதினாறாம் நம்பர் பைலில் இரண்டு துண்டு அடித்து, ஒன்றை வாங்குகிற கம்பெனிக்கு அனுப்பினார்கள். அவர்கள் சரி என்று ஒப்புதல் கொடுத்தார்கள். இன்னொன்று அட்டையில் ஒட்டி, என் இனிஷியலும் அவள் இனிஷியலும் போட்டு, மேனேஜர் பீரோவுக்குப் போனது.

இனி எழுதப்போவதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

மொத்த ஆர்டர் ஓட ஆரம்பித்து இரண்டாவது நாள் என் மேசைக்கு வந்த துண்டுக் கட்டில் கோடு இருந்தது. துண்டின் குறுக்கே, அளவெடுத்துப் போட்ட மாதிரி, நேர் நேராக மெல்லிய கோடுகள். இது அவள் பைலில் இருந்து வந்த கோடு இல்லை என்று பார்த்த நிமிஷமே எனக்குத் தெரியும். அவள் படத்தில் எல்லாம் வளைவு. பைலில் படி விழுந்தால் அது சூரியனைச் சுற்றி வளைவாகத்தான் விழும். இது ஸ்கேல் வைத்த மாதிரி நேராக, ஒரே இடைவெளியில் ஓடியது. மெஷின் ஓட்டுகிறவர் பீகாரிலிருந்து வந்தவர், குடும்பஸ்தர். அவரிடம் துண்டை நீட்டினேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “அம்மா, எட்டு பாஸ் போனாதான் சரி. மேனேஜர் நாலு வெய்யி சொன்னான். சீக்கிரம் ஓணும் சொன்னான். நான் என்னா பண்றது” என்றார். மையைத் தெளிக்கிற பகுதி ஒரே இடத்தின் மேல் எத்தனை தடவை போய்வருகிறதோ அதுதான் பாஸ். எட்டு தடவை போனால் வண்ணம் ஒன்றோடு ஒன்று சேரும். நாலு தடவை போனால் மெஷின் வேகமாக ஓடும், போன தடம் கோடாக நிற்கும். அவ்வளவுதான் விஷயம். ஒரு பெண் மூன்று வாரம் குமிழ் குமிழாக நகர்த்திச் சேர்த்த வண்ணத்தை, ஒரு ஆள் ஒரு பட்டனில் கோடாக்கிவிட்டார்.

நான் அந்தக் கட்டுகளைத் தனியாக ஒதுக்கி வைத்தேன். மேனேஜர் வந்தார். ஏன் ஒதுக்கினாய் என்று கேட்டார். கோட்டைக் காட்டினேன். துண்டைக் கையில்கூட வாங்காமல், “எவன் பாக்கப் போறான்? கொழந்தைக போட்டுட்டு மண்ணுல பொரள்ற சட்டை. ஓகே போட்டு அனுப்புங்க” என்றார். இந்த ‘எவன் பாக்கப் போறான்’ என்கிற பேச்சை நான் இந்த ஊரில் கேட்காத கம்பெனி இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒன்று கேட்கத் தோன்றும். நான் பார்க்கிறேனே, நான் ஆள் இல்லையா? என்னைப் பார்க்கத்தானே உட்காரவைத்திருக்கிறீர்கள்? கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. ஓகே சீட்டு வைத்து அனுப்பினேன். அப்போதே மாடிக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொத்த ஆர்டரின் துணி அவள் கண்ணுக்கே போகவில்லை. அடுத்த டிசைனில் மூழ்கி இருந்தாள். சொன்னால் சண்டை வரும், சண்டையில் என் பேர் வரும் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

குழந்தைகள் பார்க்கவில்லை. வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்த ஆள் பார்த்துவிட்டார். தைத்து முடித்து அட்டைப் பெட்டியில் போட்ட சட்டைகளைப் பிரித்துப் போட்டு, ஒன்றுகூட எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். எப்போதும் இல்லாத மரியாதை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க வயசுக்கு இனி எந்தக் கம்பெனியிலயும் சேத்த மாட்டாங்க. நானாக் கண்டுதான் உங்கள வேலையில வெச்சிருக்கறேன். மொதலாளி கூப்புட்டுக் கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் நீங்க பேச வேண்டாம்” என்றார். எதற்கு ஆமாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பேச வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது என் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முதலாளி அறையில் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். முதலாளி மேசைமேல் ஒரு சட்டை கிடந்தது. பீரோவில் வைத்த அட்டையைக் காணோம் என்று மேனேஜர் சொல்லி முடித்திருந்தார். இன்னொரு துண்டோ கடல் தாண்டிப் போய்விட்டது. ஆகவே என் வாய்தான் மிச்சம். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. “அம்மா, பயப்படாமச் சொல்லுங்க. மொதல்ல அப்ரூவலுக்கு அடிச்ச துண்டுலயும் இந்தக் கோடு இருந்துதுங்களா?” என்று தன்மையாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர், “இருந்துச்சுங்க. பைல் கோளாறுதானுங்க. செக்கிங்கம்மா அன்னைக்கே பாத்தாங்க” என்றார். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

பொய் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தலையைத்தான் ஆட்டினேன். அதுவே போதுமானதாக இருந்தது. வளைந்த படத்தில் கோடு ஏன் நேராக இருக்கிறது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. சட்டை முதலாளி பக்கம் மடித்தபடியே கிடந்தது, அதை யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் முடிந்தது. பார்ப்பதற்கு அந்த இரண்டு ஆண்களுக்கும் பழக்கமில்லை, எனக்குப் பழக்கம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றோடு வேலையை விட்டு நின்றுகொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். மாடிப்படியில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். மேனேஜர் தன்னை மாட்டிவிட்டார் என்று புரிந்து, நீயும் அதற்குத் துணை போனாயா என்று கேட்கப்போகிறாள், கேட்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் அப்படிக் கேட்கவில்லை.

“ஏனுங்கம்மா, பதினாறுல நெசமாவே உங்களுக்குக் கோடு தெரிஞ்சுதுங்களா?” என்றாள்.

நான் மறுபடியும் தரையைப் பார்த்தேன்.

“அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா இன்னொண்ணு அடிச்சிருப்பேனுங்க. எனக்குத் தெரியவே இல்லீங்க. எத்தனை தடவை மடிச்சு மடிச்சுப் பாத்தேன். ஸ்கிரீனையே பாத்துப் பாத்துக் கண்ணு போயிருச்சாட்ட இருக்குது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என் தலையாட்டலை நம்பிவிட்டாள். மேனேஜர் பொய் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். நான் பொய் சொல்வேன் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக நான் குத்திய ஒவ்வொரு ஊசியையும் நம்பியவள். நான் கோடு இருந்தது என்றால் கோடு இருந்திருக்க வேண்டும், தன் கண்ணில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டாள். தன்னிடம் சொல்லாமல் விட்டதற்குக்கூட, மனசு நோகும் என்று விட்டிருப்பேன் என்று அவளே ஒரு காரணம் வைத்துக்கொண்டாள். “போயிட்டு வர்றேனுங்கம்மா” என்றாள். அந்தப் படியில் நின்று நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வரி. அடுத்த தெருப் பட்டறையில் பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அது நின்றதும் சொல்லலாம் என்று இருந்தேன். அது நிற்பதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

வெட்கம் என்று இதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். அடக்கமான பொம்பளை, அதிர்ந்து பேசமாட்டாள், வாய் இருக்கிற இடம் தெரியாது. கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்கள் முதல் கம்பெனி மேஸ்திரிகள் வரை இதையே சொல்லி என்னைப் புகழ்ந்தார்கள். என் வாய் இருக்கிற இடம் தெரியாததால் ஒரு பெண்ணின் கண் போன இடம் தெரியவில்லை. புகழ்ந்த எல்லோர் மேலும் எனக்குக் கோபம். மேனேஜர் மேல் கோபம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. அவர் ஒரு நாள் மெஷின் நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டார், தப்பித்துக்கொள்ள ஒரு ஆளைத் தள்ளிவிட்டார். அதைச் செய்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். எனக்கு ஆறாதது வேறு. நான் பார்த்தவள். பார்ப்பதுதான் என் வேலை, அதற்குத்தான் நாற்பது வருஷம் சோறு தின்றேன். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்றவர்கள் உண்டு. நான் இல்லாததைப் பார்த்தேன் என்றேன்.

நாலைந்து மாதம் கழித்து, கணியூரிலிருந்து பேக்கிங் வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம் தயங்கித் தயங்கி விசாரித்தேன். தெரியும் என்றாள். “அந்தக்கா இப்பக் கம்ப்யூட்டர் வேலைக்கே போறதில்லீங்களே. கண்ணு சரியில்லைன்னு உட்டுட்டாங்களாம். டாக்டரு ஒண்ணுமில்லைங்கறாரு, இவங்க நம்ப மாட்டீங்கறாங்க” என்றாள். டாக்டர் சொன்னதைவிட என் தலையாட்டல் பெரிதாகப் போயிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். உடுமலையில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் கணியூர் போய், விசாரித்துக்கொண்டு வீடு வரைக்கும் போனேன். பூட்டியிருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள், எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவ்வளவு நடந்த பிறகும் கூச்சப்பட்டேன்.

நான் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறேன். மேனேஜரும் இருக்கிறார், இப்போது இன்னும் பெரிய அறையில். ஒரு வண்ணம் இன்னொன்றாக மாறுகிற எந்த ஆர்டர் வந்தாலும் அவளுடைய பழைய பைலைத்தான் திறக்கிறார்கள், இப்போது எட்டு பாஸில் ஓட்டுவதால் கோடு விழுவதில்லை. வண்ணத்தை மாற்றுகிறார்கள், குமிழ் வைத்த இடங்களையும் பொடியின் அளவையும் தொடுவதில்லை. தொட்டால் கெட்டுவிடும் என்று புதிதாக வந்திருக்கிற டிசைனர் சொல்கிறார். அவர் நல்ல மனிதர். இது யார் செய்தது என்று ஒரு தடவை கேட்டார். பக்கத்தில் நின்ற மேனேஜர், நம்ம கம்பெனியோட செட்டிங் என்றார். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால் அந்தத் துணியைத்தான் விரித்துக் காட்டுகிறார். அவர்கள் தடவிப் பார்த்து, நடுவில் ஒரு தடங்கலும் இல்லையே என்று ஆச்சரியப்படுகிறார்கள். இப்போது வந்திருக்கிற புது மென்பொருளில் சாம்பல் விழாமல் கலக்கிற கணக்கே தனியாக இருக்கிறதாம், ஆனாலும் துணியில் ஏற்றினால் அவள் பைல்தான் ஒரு படி மேலே நிற்கிறது என்று அந்த டிசைனரே சொன்னார். அதைக் கேட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பெருமையாக இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

போன மாதம் முதலாளி என் மேசைக்குப் பக்கமாக வந்தபோது, எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால் அவர் இரண்டு தடவை குனிந்து கேட்டார். “மொதலாளி, அன்னைக்கு அந்தத் துண்டுல கோடு இல்லீங்க. நான் தப்பாத் தலையாட்டிட்டனுங்க.” எந்தத் துண்டு என்று அவர் கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை. நான் சொல்லச் சொல்ல யோசித்து, “அதெல்லாம் முடிஞ்சு போனதுங்கம்மா, உடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எழுதுவது என்று முடிவு செய்தேன். பேசினால் காற்றோடு போகிறது, எழுதினால் யார் கையிலாவது போய்ச் சேரும்.

இதைப் படிக்கிறவர்களில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருந்தால் விவரங்களைச் சரிபார்த்துத் திருத்திக்கொடுங்கள். கம்ப்யூட்டர் வண்ணத்தைக் கலக்கிற கணக்கை நான் சரியாகச் சொன்னேனா, பாஸ் எட்டா அதற்கும் மேலா, பொடிக்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்வாளே அது என்ன, குமிழ்கள் ஐந்தா ஆறா, எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மாதங்களும் முன்னே பின்னே இருக்கும். எதை வேண்டுமானாலும் திருத்துங்கள். அம்மிணி, இது உன் கைக்கு வந்தால் நீ திருத்தினால் இன்னும் நல்லது, உனக்குத்தான் எல்லாம் சரியாகத் தெரியும். பதினாறாம் துண்டில் கோடு இல்லை என்கிற இடத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அதை நான் பார்த்தேன். நீயும் சரியாகத்தான் பார்த்தாய்.